கிழக்கு மூலைத் தாம்பாளம்

பேய், பிசாசு, காத்து, கருப்பு எதுவும் என்னிடம் செல்லாது. இப்படிச் சொல்லிவிட்டுத்தான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள் என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. ஆனால் நான் சொன்னால் ஊரில் நாலு பேர் சாட்சிக்கு வருவார்கள். ஒரு வருஷம் வாழைத்தோப்புக்குள் வெள்ளையாக ஓர் உருவம் ஆடுகிறது என்று ஊரே நடுங்கி, பொழுது சாய்ந்தால் அந்தப் பக்கம் தண்ணீர் பாய்ச்சக்கூட ஆள் போகாமல் இருந்தபோது, நான் ஒருத்தன் போய் அந்தப் பேயை இழுத்துக்கொண்டு வந்தேன். உரச்சாக்கு. வாழைத்தாருக்கு மூடாக்குப் போட்டிருந்தது காற்றில் அவிழ்ந்து தொங்கியிருக்கிறது. அதை டீக்கடை வாசலில் மாட்டிவிட்டு, "இந்தாங்கப்பா ஒங்க பேயி, ஒரு டீயச் சொல்லுங்க" என்றேன்.

அன்றைக்குச் சோறு போடும்போது என் மனைவி ஈஸ்வரி கேட்டாள். "நெசமாவே பேயா இருந்திருந்தா என்ன செஞ்சிருப்பீக?"

"ஒன்னையக் கட்டிக்கிட்டு இத்தன வருசம் குப்ப கொட்டுறேன், பேயெல்லாம் எனக்கு எம்மாத்திரம்" என்றேன். கரண்டியாலேயே ஒன்று போட்டாள். அப்படிப்பட்டவனிடம்தான் இது நடந்தது. நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் எழுந்து போங்கள், எனக்கு வருத்தமில்லை.

எனக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு திராட்சைத் தோட்டம் இருக்கிறது. பன்னீர்த் திராட்சை. ஆள் உயரத்துக்குக் கல்லுக்கால் ஊன்றி, மேலே கம்பி இழுத்து, கொடியை அதன்மேல் படரவிட்டிருப்போம், நீங்கள் கம்பம் பக்கம் பஸ்ஸில் போயிருந்தால் பார்த்திருப்பீர்கள். பந்தலுக்குக் கீழே பகலிலேயே பாதி இருட்டு. கல்லுக்கால்கள் வரிசை வரிசையாக மேற்கேயிருந்து கிழக்கே போகும். மேற்குக் கோடியில் மோட்டார் ரூம், அதை ஒட்டி வாசல். அந்தப் பக்கம்தான் மலை. கிளிகள் மலையிலிருந்துதான் வரும்.

காய் நிறம் திரும்ப ஆரம்பித்தால் போதும், எப்படித்தான் அதுகளுக்குத் தகவல் போகிறதோ, காலையும் சாயங்காலமும் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். ஒரு கிளி ஒரு குலையைத் தின்னாது, பத்துக் குலையில் ஒவ்வொரு பழமாகக் கொத்திப் போட்டு அத்தனையையும் அழுகவிடும். இப்போது நிறையப் பேர் வலை போடுகிறார்கள். என் பந்தல் பழசு, வலையின் இழுவையைத் தாங்காது என்று சொல்லி நான் தகரம்தான் தட்டுகிறேன். ஆனால் ஓர் ஆள் நின்று தட்டினால் பிரயோசனமில்லை. மேற்கே தட்டினால் கிளி எழுந்து கிழக்கு மூலையில் போய் உட்கார்ந்து தின்னும், அவ்வளவுதான். கிழக்கேயும் ஓர் ஆள் நிற்க வேண்டும். நான் தட்டியதும் அங்கே போகிற கூட்டத்தை அந்த ஆள் எதிர்த்தட்டுத் தட்டித் திருப்பி விட்டால், அது என் தலைக்கு மேலே பறந்து மலைக்கே போய்விடும்.

அந்தக் கிழக்கு மூலை ஆள் ஈஸ்வரி. எனக்கு ஒரு பழைய எண்ணெய் டின், அவளுக்கு அவள் சீராகக் கொண்டுவந்த எவர்சில்வர் தாம்பாளம். கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருப்பாள். என் டின் டொப்பென்று சத்தம் போடும், அவள் தாம்பாளம் ணங்கென்று பதில் சொல்லும். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது, இடையில் அத்தனை இலை, அத்தனை கல். ஆனால் அவள் கோபமாக இருக்கிறாளா, பசியோடு இருக்கிறாளா, காலையில் நான் சொன்ன சொல்லை மறந்துவிட்டாளா இல்லையா எல்லாம் அந்த ணங்கில் எனக்குத் தெரிந்துவிடும். கோபம் இருந்தால் கொஞ்சம் தாமதித்துத் தட்டுவாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு வயிற்றில் கட்டி வந்து மதுரைக்குக் கூட்டிப் போனோம். ஆபரேஷனுக்கு முன்னால் என்னிடம் தோட்டத்தைப் பற்றித்தான் பேசினாள். "நெறம் திரும்புறதுக்குள்ள வந்துருவேன். நீங்க ஒத்தையில நின்னு தட்டிக்கிட்டு இருக்காதீக, கிளி ஒங்கள மதிக்காது" என்றாள். ஆபரேஷன் நல்லபடியாகத்தான் முடிந்தது. வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று நாங்கள் பையெல்லாம் கட்டி வைத்திருந்தபோது மூச்சு வாங்கியது, அப்படியே போய்விட்டாள். அந்தப் பையை நான் இன்னும் பிரிக்கவில்லை.

காரியம் முடிந்ததும் எங்கள் ஒரே மகள் கவிதா, தேனியில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் கண் பரிசோதிக்கிற வேலை அவளுக்கு, அம்மா ஞாபகமாக அந்தத் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதையும் இப்போதே சொல்லி வைக்கிறேன். கிழக்கு மூலையில் அதன்பிறகு வெறும் கம்பிதான் தொங்கியது.

காய் நிறம் திரும்பியது. எனக்குத் தோட்டத்துக்குப் போகவே பிடிக்கவில்லை, இருந்தாலும் விட முடியுமா. விடிந்தும் விடியாமல் மோட்டார் ரூம் பக்கத்தில் போய் நின்றேன். இடது பக்கம் இலை அசைந்தது, வலது பக்கம் கீச்சென்று சத்தம் வந்தது. இடமிருந்து வலம் சட்டென்று கண்ணைத் திருப்பிக்கொண்டே டின்னில் ஓர் அடி போட்டேன்.

நடு வரிசையில் ஈஸ்வரி நின்றாள்.

எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பக்கத்திலிருந்த கல்லுக்காலில் கையை ஊன்றியபடி நின்றாள். தலையில் துண்டு. சேலைக்கு மேல் என்னுடைய பழைய முழுக்கைச் சட்டை, தோட்ட வேலைக்கு எப்போதும் அதைத்தான் போட்டுக்கொள்வாள். கண்ணைத் திருப்பி நடு வரிசையை நேராகப் பார்த்தேன். கல்லும் இலையும்தான் இருந்தன.

சர்க்கரை ஏறிவிட்டது என்று நினைத்தேன். இரண்டு இனிப்பு பிஸ்கெட் அதிகமாகத் தின்றது ஞாபகம் வந்தது. ஆனால் அடுத்த தடவை தட்டும்போதும் பார்த்தேன், அதற்கடுத்த தடவையும் பார்த்தேன். மெல்ல மெல்ல எனக்கே அதன் சூட்சுமம் பிடிபட்டது. நடு வரிசையை முறைத்துப் பார்த்துக்கொண்டு தட்டினால் இல்லை. தட்டாமல் கண்ணை மட்டும் ஓட்டினாலும் இல்லை. கண் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குத் தாவுகிற அந்தச் சொடக்கு நேரத்துக்குள் அடி விழ வேண்டும். முந்தினாலும் போச்சு, பிந்தினாலும் போச்சு. சரியாக விழுந்தால் அவள் இருப்பாள்.

சிரிக்காதீர்கள். நான் கிளியே இல்லாத உச்சி வெயிலில்கூடப் போய் நின்று தட்டினேன். பக்கத்துத் தோட்டத்து முருகேசன் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "என்னண்ணே, கச்சேரி களை கட்டுது" என்று கேலி பேசினான். அவனுக்கு என்ன தெரியும். செத்துப்போன பொண்டாட்டியைப் பார்க்க ஒரு வழி இருக்கிறதென்றால் நீங்கள் தட்ட மாட்டீர்களா? மலை மேலே நின்றுகூடத் தட்டுவீர்கள்.

ஆனால் கொஞ்ச நாளில் எனக்கு ஒன்று உறைத்தது. முதல் தடவை பார்த்தபோது அவள் எனக்குக் கிட்டத்தில் நின்றாள், சட்டைக் காலரின் கிழிசல்கூடத் தெரிந்தது. இப்போது துண்டின் நிறம்தான் தெரிகிறது. அவள் ஒரே இடத்தில் நிற்கவில்லை. ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போயிருக்கிறாள். நான் தட்டாவிட்டால் நகரமாட்டாள், காலையில் எந்தக் கல்லுக்காலில் விட்டேனோ அதே காலில் சாயங்காலமும் நிற்பாள். தட்டினால்தான் எட்டு வைக்கிறாள். திரும்பியே பார்க்காமல் போய்க்கொண்டிருக்கிறாள்.

பார்க்கிற ஒவ்வொரு தடவையும் அவளை நானே அனுப்பிக்கொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது. வரிசை முடிந்தால் வேலி, வேலிக்கு அப்பால் வாய்க்கால். அதற்குமேல் எங்கே போவாள்?

அன்றோடு தட்டுவதை நிறுத்திவிட்டேன். டின்னைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். கிளிகளுக்குக் கொண்டாட்டம். என் கண் முன்னாலேயே குலை குலையாகக் கொத்திப் போட்டன, பழச்சாறு சொட்டி மண்ணெல்லாம் எறும்பு மொய்த்தது. கிழக்கு மூலை மொட்டையாகவே போய்விட்டது. வருஷம் பூராவும் பிள்ளை மாதிரி வளர்த்த வெள்ளாமை போகிறது, போகட்டும், அவள் நடுத்தோட்டத்தில் நிற்கிறாள், அது போதும் என்று உட்கார்ந்திருந்தேன். அவளைப் பார்க்கவும் முடியாது, பார்த்தால் போய்விடுவாள். அந்த நாட்களில் நான் பட்ட பாட்டை யாரிடமும் சொன்னதில்லை. வாய்விட்டு அழுதேன். ஆஸ்பத்திரியில்கூட அப்படி அழவில்லை.

முருகேசன் ஒரு நாள் வேலி தாண்டி வந்துவிட்டான். "என்னண்ணே இது, கிளிக்கு அன்னதானமா நடத்துறீக? மதினி இருந்தா விட்டிருக்குமா?" என்று கேட்டான். அவன்தான் கவிதாவுக்குப் போன் போட்டிருக்கிறான். மறுநாள் லீவு போட்டுவிட்டுத் தேனியிலிருந்து வந்தாள்.

வந்ததும் என் கண்ணிமையை விரித்து டார்ச் அடித்துப் பார்த்தாள். புரை இல்லை, சர்க்கரை கண்ணில் இறங்கவில்லை என்றாள். பெற்ற மகளிடம் மறைக்க முடியாமல் எல்லாவற்றையும் சொன்னேன். கேலி செய்வாள் என்று பார்த்தேன், செய்யவில்லை. மோட்டார் ரூமில் நான் சவரம் செய்கிற கண்ணாடியை எடுத்து வந்து என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"ஒங்க எடது கண்ணப் பாருங்கப்பா. இப்ப வலது கண்ணப் பாருங்க. மாத்தி மாத்திப் பாருங்க. கண்ணு நகர்றது தெரியுதா?"

உற்று உற்றுப் பார்த்தேன். நீங்களும் வீட்டில் போய்ப் பாருங்கள், சத்தியமாகத் தெரியாது. கண் இங்கே இருக்கும், அப்புறம் அங்கே இருக்கும், இடையில் நகர்வதை மட்டும் பார்க்க முடியாது.

"எதுக்க நிக்கிற எனக்குத் தெரியுது, ஒங்களுக்குத் தெரியல. கண்ணு தாவுற நேரத்துல மூளை பார்வைய அணைச்சு வச்சிரும்ப்பா. இல்லாட்டி ஒலகமே ஓடுற மாதிரி தலை சுத்தும். அந்த நேரத்துல பாதிக் குருடுதான் நாமெல்லாம். அப்பப் பாத்து ஒரு சத்தம் கேட்டா, அந்தச் சத்தத்துக்குத் தக்கன எதையோ பாத்துட்டோம்னு மூளை நெனச்சுக்கும். ஒரு தடவ வெளிச்சத்தக் காட்டி ரெண்டு தடவ பீப் அடிச்சா, ரெண்டு வெளிச்சம் பாத்தேன்னு சொல்றவுக இருக்காக. எங்க டாக்டரே சொல்லிருக்காக."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"பொய்யில்லப்பா. நீங்க பாக்குறது நெசம். ஆனா அது தோட்டத்துல இல்ல. அந்த டின்னுச் சத்தத்தோட அம்மாவும் ஒட்டியே ஒங்க மனசுல கெடக்கு. கண்ணு பாக்காத எடத்த மனசு ரொப்பிக்கிருது."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இதற்காகவா உன்னைப் படிக்க வைத்தேன் என்று கத்தினேன். பிடிவாதக்காரி, அம்மாவைப் போலவே. என் காதில் பஞ்சை அடைத்து, மேலே துண்டைச் சுற்றிக் கட்டி, இப்போது தட்டுங்கள் என்று கையால் சைகை காட்டினாள். அவள் சொல்வது பொய்யென்று காட்டிவிடும் வீம்பில், அத்தனை நாள் தொடாதிருந்த குச்சியை எடுத்து ஓர் அடி போட்டேன். கையில் அதிர்வு தெரிந்தது, சத்தம் தெரியவில்லை. நடு வரிசையில் யாருமில்லை. துண்டை அவிழ்த்தாள். அவள் முகத்தில் ஜெயித்த சந்தோஷம் துளியும் இல்லை. எனக்குத்தான் உயிரில் பாதி போன மாதிரி இருந்தது.

"சரித்தா, நீ சொல்றதே இருக்கட்டும். மனசுல இருக்கவ ஏன் என்னைய விட்டுட்டுப் போறா? எட்டு எட்டா வச்சுப் போறாளே. அதுக்குத்தான் தட்டாம ஒக்காந்திருக்கேன்" என்றேன்.

கவிதா குனிந்து பந்தலுக்குள் பார்த்தாள்.

"எந்தப் பக்கமாப்பா போகுது?"

"கெழக்க."

"அம்மா எங்கன நின்னு தட்டும்?"

கவிதா ஆறுதலுக்குக் கேட்டாளா, நிஜமாகவே அப்படி நினைத்துக் கேட்டாளா, இன்றுவரை நான் விசாரிக்கவில்லை. ஆனால் அந்த ஒரு கேள்வியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வாசல் மேற்கே இருக்கிறது. ஈஸ்வரி எப்போதும் வாசலில் நுழைந்து, என்னைத் தாண்டி, நடு வரிசை வழியாகத்தான் அவள் மூலைக்குப் போவாள். நிறம் திரும்புவதற்குள் வந்துவிடுவேன் என்றாளே, வந்துவிட்டாள். வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவளைத்தான் நான் டின்மேல் உட்கார்ந்து நடு வழியில் நிறுத்தி வைத்திருக்கிறேன். அத்தனை கிளி அத்தனை பழத்தைக் கொத்துவதைப் பார்த்துக்கொண்டு, போகவும் முடியாமல், அவள் எப்படித் துடித்திருப்பாள்! அவள் சுபாவத்துக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று எனக்குத்தான் தெரியும்.

சாயங்காலம் கிளி இறங்கியது. கவிதா டின்னை அசையாமல் பிடித்துக்கொண்டாள். நான் இடமிருந்து வலம் கண்ணை ஓட்டித் தட்டினேன். விட்ட இடத்திலேயே நின்றாள். வலமிருந்து இடம் ஓட்டித் தட்டினேன். ஓர் எட்டு வைத்தாள். தட்டத் தட்டப் போனாள். கிளிகளும் வழக்கம்போல எழுந்து கிழக்கு மூலைக்குப் போய் உட்கார்ந்தன. கடைசிக் கல்லுக்கால் வரைக்கும் போனதும் நின்று, தலைத்துண்டை அவிழ்த்து உதறி இறுக்கிக் கட்டினாள், அது மட்டும் நான் மூன்று நான்கு தடவை தட்டுகிற வரைக்கும் நீண்டது. ஒரு தடவை திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. வேலைக்குப் போகும்போது திரும்பிப் பார்க்கிற பழக்கமே அவளுக்குக் கிடையாது.

அடுத்த அடிக்கு அவள் இல்லை. இன்னோர் அடி போட்டேன், கண்ணை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஓட்டிப் பார்த்தேன். வெறும் கல்தான். குச்சியைக் கீழே போட்டுவிட்டேன். "போயிட்டாத்தா" என்று கவிதாவிடம் சொன்னேன்.

அப்போதுதான் கேட்டது. கிழக்கேயிருந்து, ணங்.

கொஞ்சம் தாமதமான ணங். அவ்வளவு நாள் காக்க வைத்தேன் அல்லவா, அந்தக் கோபம் அதில் இருந்தது.

கவிதாவைப் பார்த்தேன். "கேட்டுச்சா?" என்றேன். "எனக்கு ஒண்ணும் கேக்கலப்பா. ஒங்களுக்கு நெனப்புல கேட்டிருக்கும்" என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கிழக்கு மூலையில் இருந்த அத்தனை கிளியும் ஒரே வீச்சில் எழுந்தன. வாய்க்கால் பக்கம் போகவில்லை. எங்களைப் பார்த்து வந்தன. இலைக்கு மேலே பச்சையாக, கத்திக்கொண்டே, எங்கள் தலையை ஒட்டிப் பறந்து மலைப் பக்கம் போயின. அவள் நின்று தட்டிய காலத்தில் எப்படிப் போகுமோ அப்படியே போயின. கவிதா அண்ணாந்து அதுகள் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் பார்த்தாள். அப்புறம் மண்ணிலேயே உட்கார்ந்து, "அம்மா" என்று ஓவென்று அழுதாள். அம்மா செத்தபோது எல்லோருக்கும் ஆறுதல் சொல்லிக்கொண்டு அழாமல் இருந்த பிள்ளை அது.

நான் கிழக்கு மூலைக்குப் போய்ப் பார்த்தேன். வெறும் கம்பி. தாம்பாளம் தேனியில் கவிதா வீட்டு அடுப்படியில் இருந்தது.

அதற்கப்புறம் நான் ஈஸ்வரியைப் பார்க்கவில்லை. எப்படியெல்லாமோ கண்ணை ஓட்டித் தட்டிப் பார்த்துவிட்டேன், நடு வரிசை காலியாகத்தான் இருக்கிறது. ணங் என்ற சத்தமும் அந்த ஒரு தடவையோடு சரி. எவ்வளவு காதைத் தீட்டினாலும் கேட்கவில்லை. மனசு ரொப்பிக்கொள்ளும் என்றாள் மகள், என் மனசு அதைக்கூடச் செய்ய மாட்டேன் என்கிறது.

ஆனால் ஒன்று. அதன்பிறகு இரண்டு தடவை காய் நிறம் திரும்பிவிட்டது. நான் ஒருத்தன்தான் மேற்கே நின்று தட்டுகிறேன். ஒத்தை ஆள் தட்டினால் கிளி கிழக்கு மூலையில்தான் போய் உட்கார வேண்டும், முருகேசன் தோட்டத்தில் வந்து பாருங்கள், அப்படித்தான் நடக்கிறது. என் தோட்டத்தில் மட்டும் அதுகள் கிழக்கே போன வேகத்தில் திரும்பி என் தலைக்கு மேலே மலைக்கு ஓடுகின்றன. முன்பெல்லாம் வரும்போதெல்லாம் வலை போட்டுவிடலாம்ப்பா, வலை போட்டுவிடலாம்ப்பா என்று நச்சரித்த கவிதா இப்போது அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

எனக்குத்தான் அவள் சத்தம் கேட்கவில்லை. கிளிகளுக்குக் கேட்கிறது.